சிக்கியவரும் சிக்கவைத்தவரும்

ஆங்கில நாளேடுகளை நாள்தோறும் புரட்டுகிறவர்கள் 'எம்ப்ராய்ல்' என்னும் வினைச்சொல்லைப் பலமுறை கண்டிருப்பார்கள். ஓர் அமைச்சர் ஊழல் புகாரில் 'எம்ப்ராய்ல்ட்' ஆனார் என்று எழுதுவார்கள். இரு நாடுகள் எல்லைத் தகராறில் அவ்வாறு ஆயின என்பார்கள். ஒரு பெருங்குடும்பம் பாகப்பிரிவினை வழக்கில் அவ்வாறு ஆயிற்று என்பார்கள். சிக்கவைத்தல், வம்பில் மாட்டிவிடுதல், தொல்லைக்குள் இழுத்துவிடுதல் என்பன அதன் பொருள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்வளவு சொன்னால் போதும். ஆனால் இச்சொல்லை மனிதர்கள் கையாளும் முறையைச் சற்று ஊன்றிப் பார்த்தால், அதன் அடியில் ஓர் அறக்கேள்வி மறைந்து கிடப்பது புலப்படும். ஒரு தொல்லையில் ஒருவர் சிக்கியிருக்கிறார் என்றால், அதற்குப் பொறுப்பாளி யார்?

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துள் நுழைந்தது. 'ப்ரூயே' என்றால் அம்மொழியில் கலக்குதல், குழப்புதல் என்று பொருள். கண்ணை மறைக்கும் மூடுபனிக்கு அவர்கள் இடும் 'ப்ரூயார்' என்னும் பெயர் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வீடுகளில் முட்டையை உடைத்து அடித்துக் கிளறிப் பொடிமாஸ் செய்கிறோம் அல்லவா, அப்படிக் கிளறிய முட்டைக்கும் அவர்கள் இச்சொல்லையே அடைமொழியாகச் சேர்க்கிறார்கள். உறவினர் இருவர் மனங்கசந்து பேச்சுவார்த்தை அற்றுப் போனாலும் இதே சொல்தான். இத்தாலிய மொழியில் இதற்கு உறவான 'இம்ப்ரோலியோ' என்னும் சொல்லும் பின்னர் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. நம் பெண்மணிகள் நன்கறிந்த 'எம்ப்ராய்டரி'க்கும் இதற்கும் ஓசையில் ஒற்றுமை உண்டேயன்றி வேரில் உறவில்லை. தணலில் வாட்டுவதைக் குறிக்கும் 'ப்ராய்ல்' என்பதும் வேறு வேரில் பிறந்தது என்றே சொல்லாராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

கிளறிய முட்டை என்னும் அந்த உவமை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கிளறிய பிறகு மஞ்சள் எது, வெள்ளை எது என்று யாரால் பிரித்துக் காட்ட முடியும்?

ஆங்கிலத்தில் சிக்கலைக் குறிக்கும் வேறு சொற்களும் பல உண்டு. இலத்தீனில் துணியை மடிப்பதற்குரிய ஒரு வினையிலிருந்து 'இம்ப்ளிகேட்' பிறந்தது. ஒருவரைக் குற்றத்தின் மடிப்புக்குள் வைத்து மடித்துவிடுவது. அதே வேரிலிருந்துதான் உடந்தையாளரைக் குறிக்கும் 'அகாம்ப்ளிஸ்' வந்தது. உடன் மடிக்கப்பட்டவன் என்பது அதன் அடிப்பொருள். ஒரே மடிப்புள்ளது 'சிம்பிள்', இரு மடிப்புள்ளது வஞ்சகத்தைக் குறிக்கும் 'டூப்ளிசிட்டி'. இவற்றுக்கிடையே 'எம்ப்ராய்ல்' தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டிருக்கிறது. வெள்ளத்தில் சிக்கியவரை அச்சொல்லால் குறிப்பதில்லை. நோயில் வீழ்ந்தவரையும், மரக்கிளையில் நூல் சிக்கிய பட்டத்தையும் குறிப்பதில்லை. பூசல் இருக்கவேண்டும், போர் இருக்கவேண்டும், வழக்கோ அவதூறோ இருக்கவேண்டும். சுருங்கச் சொன்னால், எதிரே மனிதர்கள் இருக்கவேண்டும். மனிதர் மனிதருக்கு இழைக்கும் சிக்கலுக்கே இச்சொல் உரியது. எனவேதான் இதில் பொறுப்பு என்னும் கேள்வி எழுகிறது. வெள்ளத்தை யாரும் கூண்டில் ஏற்ற முடியாது.

இச்சொல் இயல்பாகச் செயப்படுபொருள் குன்றாத வினை. ஒருவர் மற்றொருவரைச் சிக்கவைக்கிறார். எழுவாய் வேண்டும், செயப்படுபொருளும் வேண்டும். மில்டன் 1667-இல் வெளியிட்ட 'இழந்த சொர்க்கம்' என்னும் காப்பியத்தின் இரண்டாம் காண்டத்தில் இது அவ்வாறே ஆளப்பட்டிருக்கிறது. குழப்பம் என்பதே அங்கு ஓர் அரசனாக உருவெடுத்து நடுவர் பீடத்தில் அமர்ந்திருக்கிறது. அது வழங்கும் ஒவ்வொரு தீர்ப்பும் பூசலை மேலும் சிக்கலாக்குகிறது. ஏனெனில் பூசல் உள்ளவரைதான் அதன் ஆட்சி நிலைக்கும். ஊர்ப் பஞ்சாயத்துகளைக் கண்டு பழகிய நமக்கு இத்தகைய நடுவரை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்றைய வழக்கில் இச்சொல் பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகவே வருகிறது. 'சிக்கவைக்கப்பட்டார்' என்று முடித்துவிடுகிறார்கள். யாரால் என்பதைச் சொல்லுவதில்லை, கேட்பதுமில்லை. வாசலில் செருப்பைக் கழற்றி விட்டு உள்ளே வருவதுபோல, எழுவாயை வெளியே விட்டுவிட்டு வாக்கியம் உள்ளே வந்துவிடுகிறது.

தமிழ் என்ன செய்கிறது என்று பார்த்தால் வேறொரு வேடிக்கை தெரிகிறது. நாம் 'மாட்டிக்கொண்டான்' என்கிறோம், 'சிக்கிக்கொண்டான்' என்கிறோம். இந்தக் 'கொள்' என்னும் துணைவினை சாமானியமானதன்று. கையைச் சுட்டுக்கொண்டான், காலை இடித்துக்கொண்டான் என்னும்போது, வேண்டுமென்றே செய்தான் என்று யாரும் கருதுவதில்லை; எனினும் சுட்டதும் இடித்ததும் அவனே. செயலை அவன் தலையிலேயே கட்டிவிடுகிறது இலக்கணம். ஒருவன் மேல் வீண்பழி சுமத்திக் காவல் நிலையத்துக்கு இழுத்துச் சென்றாலும், தெருவில் நிற்போர் 'பையன் வசமா மாட்டிக்கிட்டான்' என்றுதான் சொல்வார்கள். பொய்ப்புகார் எழுதியவன் அந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை. ஆங்கிலச் செயப்பாட்டு வினை குற்றம் செய்தவனைத் தப்பவிடுகிறது. நம்முடைய 'கொண்டான்' குற்றமற்றவனைப் பிடித்து நிறுத்துகிறது. இரண்டும் இரு வேறு அநீதிகள். 'மாட்டிவிட்டான்', 'இழுத்துவிட்டான்' என்னும் சொற்கள் நம்மிடம் இல்லாமலில்லை. அவற்றை நமக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது பயன்படுத்துகிறோம். பிறருக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது நா 'கொண்டான்' என்றே முடிகிறது.

முதல் அநீதிக்கு உலக வரலாற்றிலேயே பெரிய எடுத்துக்காட்டு 1914-ஆம் ஆண்டு. ஜூலை 28-இல் ஆஸ்திரியா செர்பியாவின் மீது போர் அறிவித்தது. ஆகஸ்ட் 4-இல் பிரிட்டன் இறங்கியது. இடைப்பட்ட எட்டே நாட்களில் ஐரோப்பா முழுவதும் பற்றி எரியத் தொடங்கிற்று. அன்று பிரிட்டனின் நிதியமைச்சராக இருந்து, போரின் பிற்பகுதியில் பிரதமராகவும் ஆன லாயிட் ஜார்ஜ், 1933-இல் வெளியிடத் தொடங்கிய தம் போர் நினைவுக் குறிப்புகளில், நாடுகள் வழுக்கிச் சென்று போர்க் கொப்பரைக்குள் வீழ்ந்தன என்னும் கருத்துப்பட எழுதினார். வழுக்கியதாம்! ஒவ்வொரு போர் அறிவிப்புக்கும் ஒரு தாள் இருந்தது. ஒவ்வொரு தாளிலும் ஒரு கையெழுத்து இருந்தது. முடிவெடுத்த அமைச்சரவையில் அமர்ந்திருந்த ஒருவரே தரை ஈரமாக இருந்தது என்று கூறுவதை நாம் எளிதில் ஏற்பதற்கில்லை.

அதே ஆண்டு உதுமானியப் பேரரசு போருக்குள் இழுக்கப்பட்ட விதம் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. ஆகஸ்ட் 2-ஆம் நாளன்று ஜெர்மனியுடன் ஓர் இரகசிய ஒப்பந்தம் செய்யப்பட்டது. அமைச்சர்கள் பலருக்கே அது தெரியாது. சில நாட்களில் 'கோபென்', 'பிரெஸ்லாவ்' என்னும் இரு ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் பிரிட்டிஷ் கடற்படைக்குத் தப்பி தார்தனல்ஸ் நீரிணைக்குள் வந்து புகுந்தன. அவற்றை உதுமானியக் கடற்படை விலைக்கு வாங்கிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. கப்பல்களுக்குத் துருக்கியப் பெயர் சூட்டினார்கள். மாலுமிகளோ அதே ஜெர்மானியர்தாம். தலையில் மட்டும் துருக்கித் தொப்பி ஏறிற்று. அவர்களின் தளபதி சூஷோன் உதுமானியக் கடற்படைக்கே தலைவரானார். போர் அமைச்சர் அன்வர் பாஷாவின் இசைவுடன் அக்டோபர் 29-இல் இக்கப்பல்கள் கருங்கடலைக் கடந்து ஒதெசா, செவஸ்தபோல் முதலிய ருசியத் துறைமுகங்களைத் தாக்கின. போருக்குள் நுழைவதை அமைச்சரவையில் பலர் விரும்பவில்லை. நிதியமைச்சர் ஜாவித் பே உள்ளிட்ட சிலர் பதவி விலகினர். பயன் என்ன? நவம்பர் 2-இல் ருசியா போர் அறிவித்தது. பிரிட்டனும் பிரான்சும் தொடர்ந்தன. நான்கே ஆண்டுகளில் ஆறு நூற்றாண்டுகளின் பேரரசு சரணடைந்து நின்றது.

பேரரசு போரில் 'சிக்கிக்கொண்டது' என்று இதைக் கூறினால் அது வரலாறு ஆகாது. அனத்தோலியாவின் உழவன் சிக்கியது உண்மை. அன்வர் பாஷா சிக்கவில்லை, அவர் சிக்கவைத்தார். இருவரையும் ஒரே வினைமுற்றில் அடக்கும்போது உழவனுக்கு நாம் தீங்கிழைக்கிறோம்.

நம் நாட்டுக்கும் இவ்வாறு நேர்ந்தது. 1939 செப்டம்பர் 3-இல் வைசிராய் லின்லித்கோ பிரபு, இந்தியத் தலைவர்களையோ மத்திய சட்டமன்றத்தையோ கலந்து கொள்ளாமலே, இந்தியா போரில் இருப்பதாக அறிவித்துவிட்டார். இதைக் கண்டித்துக் காங்கிரஸ் மாகாண அமைச்சரவைகள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பதவி விலகின. போர் முடிவதற்குள் இந்தியப் படை ஏறத்தாழ 25 இலட்சம் பேராகப் பெருகியிருந்தது. சுமார் 87,000 பேர் உயிரிழந்தனர். இங்கே எழுவாயைத் தேட வேண்டிய சிரமமே இல்லை.

இனி இரண்டாவது அநீதிக்கு வருவோம். இதற்கு, இச்சொல் பிறந்த பிரான்சு நாட்டிலேயே நிகழ்ந்த டிரைஃபஸ் வழக்கைவிடப் பொருத்தமான ஒன்றை நாம் அறியோம். ஆல்பிரட் டிரைஃபஸ் பிரெஞ்சுப் படையில் காப்டன், யூதர். ஜெர்மானியத் தூதரகத்தின் குப்பைக்கூடையிலிருந்து கிடைத்த ஒரு கடிதத்தில் பிரெஞ்சுப் படையின் இரகசியங்கள் விற்கப்படுவது தெரிந்தது. எழுத்து டிரைஃபஸின் எழுத்தைப் போலிருக்கிறது என்றார்கள். 1894 அக்டோபரில் கைது செய்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் மூடிய கதவுகளுக்குள் நடந்த இராணுவ விசாரணையில், அவருக்கும் அவர் வழக்கறிஞருக்கும் காட்டப்படாத ஓர் இரகசியக் கட்டு நீதிபதிகளின் கையில் தரப்பட்டது. ஆயுள் தண்டனை. 1895 ஜனவரியில் படைவீரர் முன்னிலையில் அவருடைய பதவிச் சின்னங்களைப் பிய்த்தெறிந்து, வாளை முறித்தார்கள். பின்னர் தென்னமெரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பேய்த் தீவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனிமையில் கிடந்தார். ஒரு கட்டத்தில் இரவுதோறும் கட்டிலோடு சேர்த்து விலங்கிட்டார்கள்.

இம்மனிதர் எதில் மாட்டிக்கொண்டார்? அவர் எதையும் செய்யவேயில்லை. ஆனால் அன்று பாரிஸ் நகரத்தில் கோடிக்கணக்கான சொற்கள் அவரைப் பற்றிப் பேசப்பட்டன. ஏதாவது செய்திராமல் இப்படி ஆகுமா என்பதே அவற்றில் பெரும்பாலானவற்றின் சாரம். நெருப்பில்லாமல் புகையுமா என்று நாமும் கேட்கிறோம் அல்லவா? நியாயம் போலத் தோன்றும் கொடுமையான கேள்வி அது. அடுத்த வீட்டு அடுப்பின் புகை நம் கூரைக்குள் புகுவதில்லையா?

சரி, டிரைஃபஸைச் சிக்கவைத்தவர் யார் என்று கேட்டால், விடை ஒரு பெயராக வராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கையெழுத்தை ஒப்பிட்டவர்கள் தவறினார்கள், மேலதிகாரிகள் அவசரப்பட்டார்கள், யூதர் என்னும் வெறுப்பு எல்லாவற்றுக்கும் எண்ணெய் வார்த்தது. தொடக்கத்தில் யாரும் உட்கார்ந்து வலை பின்னியதாகத் தெரியவில்லை. பிழையே வலையாக மாறிற்று. எப்போது மாறிற்று? உண்மை தெரிந்த பிறகும் அவிழ்க்க மறுத்தபோது மாறிற்று. 1895-இல் இராணுவ உளவுப் பிரிவின் தலைவராக வந்த பிக்கார் என்னும் அதிகாரி, 1896-இல் அந்தக் கடிதத்தின் எழுத்து எஸ்தெர்ஹாஸி என்னும் வேறோர் அதிகாரியுடையது என்று கண்டுபிடித்தார். அதன் பின்னர்தான் உண்மையான குற்றம் தொடங்குகிறது. அவருடைய பிரிவிலேயே பணியாற்றிய ஆன்ரி என்பவர் டிரைஃபஸுக்கு எதிராகப் புதிய ஆவணத்தைப் போலியாகத் தயாரித்தார். 1898 ஆகஸ்டில் குட்டு உடைந்ததும் கைதாகி, சிறையில் தம்மையே மாய்த்துக்கொண்டார். ஆகவே சிக்கலில் பல கைகள் உண்டு என்பது, எந்தக் கையும் இல்லை என்று சொல்வதற்குச் சாக்காகாது. பல கைகளானால் பலவாக எண்ணவேண்டியதுதான்.

பிக்காரைப் பற்றி இன்னும் சிறிது சொல்லவேண்டும். அவர் யூதரிடம் அன்பு கொண்டவர் அல்லர். அக்காலத்தின் வெறுப்பு அவரிடமும் இருந்தது என்றே வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். அவருடைய தளபதி கோன்ஸ், அந்த யூதன் தீவில் கிடந்தால் உமக்கென்ன, நீர் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லையே என்னும் கருத்துப்படக் கூறியபோது, இந்த இரகசியத்தைக் கல்லறைக்கு எடுத்துச் செல்லமாட்டேன் என்று அவர் மறுத்தார். அதற்குக் கிடைத்த பரிசு என்ன? துனிசியாவின் பாலைவனப் பகுதிக்கு மாற்றப்பட்டார். பின்னர் சிறையிலும் அடைக்கப்பட்டார். நாவலாசிரியர் எமிலி ஜோலா 1898 ஜனவரி 13-இல் குடியரசுத் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை நாளேட்டில் வெளியிட்டு, குற்றவாளிகளைப் பெயர் பெயராகச் சுட்டினார். அவதூறு வழக்கில் ஓராண்டுச் சிறையும் 3,000 பிராங்கு அபராதமும் விதிக்கப்பட, இங்கிலாந்துக்குத் தப்பி ஓட நேர்ந்தது. ஜோலா செய்தது என்னவென்றால், செயப்பாட்டு வினையில் கிடந்த ஒரு வாக்கியத்துக்கு எழுவாயைத் தேடிக் கொடுத்தார்; அவ்வளவே.

இவ்விருவரையும் 'எம்ப்ராய்ல்ட்' ஆனவர்கள் என்றே ஆங்கில ஏடுகள் எழுதக்கூடும். தமிழில் சொன்னால், தேவையில்லாமல் போய் மாட்டிக்கொண்டவர்கள். குழிக்குள் தள்ளப்பட்டவன், தள்ளியவன், தள்ளப்பட்டவனைத் தூக்கிவிட இறங்கியவன், இம்மூவரின் உடையிலும் ஒரே சேறு படிந்திருக்கிறது. சேற்றை மட்டும் பார்ப்பவருக்கு மூவரும் ஒன்றே.

அந்நாளில் பிரெஞ்சுக் குடும்பங்களே இவ்வழக்கால் பிளவுபட்டன. 1898 பிப்ரவரியில் கரான் தாஷ் என்னும் ஓவியர் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று புகழ்பெற்றது. முதற்படத்தில் ஒரு குடும்பம் விருந்துக்கு அமர்ந்திருக்கிறது. டிரைஃபஸ் பேச்சை எடுக்கக்கூடாது என்று பெரியவர் எச்சரிக்கிறார். இரண்டாம் படத்தில் மேசை கவிழ்ந்து, எல்லோரும் கட்டிப் புரளுகிறார்கள். பேச்சை எடுத்துவிட்டார்கள் என்பது குறிப்பு. உறவு முறிவதற்கும் முட்டை கிளறுவதற்கும் பிரெஞ்சு மொழி ஒரே சொல்லை வைத்திருப்பதன் பொருத்தம் இப்படத்தில் நன்கு தெரிகிறது. படத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் பெரியவரின் எச்சரிக்கைதான் சரி என்று நாம் முடிவு கட்டினால், பேய்த் தீவில் கிடப்பவனை மறந்து விருந்துண்ணச் சம்மதிக்கிறோம் என்று ஆகும்.

இங்கே நம் வீடுகளில் வழங்கும் 'ஃபித்னா' என்னும் சொல் நினைவுக்கு வருகிறது. அரபியில் இதன் வேர், பொன்னை நெருப்பிலிட்டு உருக்கி மாற்றுப் பார்ப்பதைக் குறிக்கும். சோதனை என்பது அடிப்பொருள். கலகம், குழப்பம் என்பன விரிந்த பொருள்கள். நம் உம்மாமார் பேச்சில் இது பெரும்பாலும் ஆளைச் சுட்டியே வரும். 'அவ ஒரு ஃபித்னாக்காரி', 'அவன்தான் ஃபித்னா மூட்டிவிட்டான்' என்பார்கள். மூட்டியவர் வாக்கியத்துக்குள்ளேயே நிற்கிறார். ஆங்கிலச் செயப்பாட்டு வினையைவிட இது நேர்மையான வழக்கு எனலாம். ஆயினும் இதற்கும் ஒரு கேடு வந்து சேர்ந்திருக்கிறது. பள்ளிவாசல் கணக்கைக் காட்டுங்கள் என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால், 'ஃபித்னா செய்யாதீர்' என்று அவரை உட்கார வைக்கிறார்கள். அனாதைப் பிள்ளையின் பங்கு என்னவாயிற்று என்று கேட்கும் மாமாவுக்கும் அதே பட்டம். கணக்கை மறைத்தவர் சமாதானப் பிரியர், கேட்டவர் கலகக்காரர்! பிக்காரையும் ஜோலாவையும் அவர்கள் நாட்டார் இதையே சொன்னார்கள்: படையின் மானத்தைக் கெடுக்க வந்தவர்கள், நாட்டைக் குழப்புகிறவர்கள் என்று. முடிச்சை அவிழ்க்க நூலைத் தொட்டவனைப் பார்த்து, நீதான் சிக்கலாக்கினாய் என்று சொல்வது எவ்வளவு எளிது! நூல் அசைவது அவன் கையில் தெரிகிறது. முடிச்சிட்ட கை முன்னமே விலகிப் போய்விட்டது.

எல்லாச் சிக்கலிலும் சிக்கியவர் குற்றமற்றவர் என்று நாம் வாதிட வரவில்லை. ஜாமீன் கையெழுத்தை எடுத்துக்கொள்வோம். மைத்துனர் கடன் வாங்குகிறார், நாம் பிணை நிற்கிறோம், அவர் கட்டவில்லை, வங்கி நம் கதவைத் தட்டுகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவின்படி, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி, பிணை நின்றவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. கடன் கொடுத்தவர் முதலில் மைத்துனரிடம் போய்க் கேட்டுவிட்டு வரவேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. இங்கே 'மாட்டிக்கொண்டேன்' என்று சொல்வது முற்றிலும் பொருந்தும். கையெழுத்திட்டது நம் கை. ஆனாலும் கட்டாமல் விட்ட மைத்துனரை அந்த வாக்கியம் சத்தமின்றி வெளியேற்றி விடுவதைக் கவனிக்கவேண்டும். நம் குடும்பங்களில் இதன்பின் நடப்பது பெரும்பாலும் இதுதான்: பிணை நின்றவரை 'யோசிக்காமல் போட்டார்' என்று ஏசுவார்கள், கடனாளியைக் 'கஷ்டப்படுகிறார்' என்று பரிவு காட்டுவார்கள்.

இதனினும் கொடியது, வேண்டாதவர் பெயரைப் புகாரில் சேர்த்துவிடும் வழக்கம். இரண்டு இளைஞர் அடித்துக்கொண்டால், அவர்களின் தகப்பனார், வெளியூரிலிருந்த அண்ணன், படுக்கையிலிருக்கும் பெரியவர் என்று வீட்டுக் குடும்ப அட்டையையே புகாரில் பெயர்த்தெழுதிவிடுகிறார்கள். தீங்கு செய்யும் நோக்குடன் பொய்க்குற்றம் சாட்டுவது, பழைய தண்டனைச் சட்டத்தில் 211-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 248. சட்டம் எழுவாயைக் கேட்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் சேர்க்கப்பட்டவர் நீதிமன்றத்தில் விடுதலை பெற்று வந்த பிறகும், அவர் மகளுக்கு வரன் பார்க்கப் போகுமிடத்தில், 'அந்த வழக்கில் மாட்டினவர்தானே' என்று கேட்கிறார்கள். நீதிமன்றம் தந்த விடுதலையை ஒரு துணைவினை பறித்துக்கொள்கிறது.

மொழியைத் திருத்தினால் மனிதர் திருந்திவிடுவார்களா என்று நேயர்கள் கேட்கலாம். மாட்டார்கள்தாம். எனினும், ஒரு வாக்கியத்தைச் சொல்லுமுன் அதன் எழுவாய் யார் என்று கேட்டுப் பார்க்கும் வழக்கம் ஒரு வீட்டில் இருந்தால், அந்த வீட்டுத் திண்ணையில் யாருடைய மானமும் அவ்வளவு மலிவாக விலைபோகாது என்பது நம் எண்ணம். 'யாரு மாட்டிவிட்டாங்க?' என்று ஒரு பாட்டி திருப்பிக் கேட்டால் போதும், வந்த வதந்தி அங்கேயே தயங்கி நிற்கும்.

டிரைஃபஸ் வழக்கின் மீதிக் கதையையும் சொல்லிவிடுவோம். 1899-இல் மறுவிசாரணை நடத்தி, குற்றவாளிதான், ஆனால் தண்டனையைக் குறைக்கத்தக்க சூழ்நிலைகள் உண்டு என்று வினோதமாகத் தீர்ப்பளித்தார்கள். பத்தே நாட்களில் குடியரசுத் தலைவர் மன்னிப்பு வழங்கினார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! 1906 ஜூலை 12-இல்தான் பிரான்சின் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பை அடியோடு நீக்கியது. பிக்கார் படைத்தலைவராக உயர்த்தப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் போர் அமைச்சரும் ஆனார். டிரைஃபஸும் மேஜராகப் படையில் மீண்டும் சேர்க்கப்பட்டார். ஆனால் சிறையில் கழிந்த ஆண்டுகளைப் பதவி உயர்வுக்குக் கணக்கிடவில்லை. அதைச் சேர்க்குமாறு கேட்டபோது, அமைச்சர் பிக்காரே மறுத்துவிட்டார். 1907-இல் டிரைஃபஸ் ஓய்வு பெற்றார், முதல் உலகப் போரில் மீண்டும் பணியாற்றினார், 1935-இல் காலமானார். அவருக்கு உரிய படைத்தலைவர் பதவியை வழங்கும் சட்டத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 2025-ஆம் ஆண்டில் நிறைவேற்றியது. அவர் கைதாகி அப்போது 131 ஆண்டுகள் ஆகியிருந்தன.